கையடக்கக் கருவி வாங்கியவர்களை நடுவழியில் இறக்கிவிடாதீர்கள்

கையடக்க கேம் கருவிகளையும் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வீட்டுக் கன்சோல்களையும் ஒருசேரத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

உங்களில் ஒரு நிறுவனம் சென்ற மாதம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. புதிய வீட்டுக் கன்சோலுக்கு வரவிருக்கும் கேம்களை முக்கால் மணி நேரம் கொண்டாட்டமாகக் காட்டிய ஒளிபரப்பு முடிந்த மறுநாள் அது வந்தது. மொத்தமே ஆறு வரிகள். கையடக்கக் கருவிக்கான ஆன்லைன் ஸ்டோர் நான்கு மாதத்தில் மூடப்படும் என்றும், இரண்டு கருவிகளுக்கும் விற்கப்பட்ட கேம்களுக்கான அப்டேட்கள் இனி வீட்டுக் கன்சோலுக்கு மட்டுமே வரும் என்றும், பழுதுபார்க்கும் சேவை உதிரிபாகங்கள் கையிருப்பில் உள்ளவரை மட்டுமே தொடரும் என்றும் அதில் இருந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், இந்தக் கடிதம் தங்களுக்கில்லை என்று மற்றவர்கள் எளிதாக ஒதுக்கிவிடுவார்கள். கையடக்கக் கருவியை விற்கும்போது ஒரு பேச்சும் விற்ற பிறகு வேறு பேச்சுமாக நடந்துகொள்வது இந்தத் துறையில் ஒருவரோடு நிற்கிற குறை அன்று.

இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் யார் என்பது உங்கள் விற்பனைக் கணக்கில் தெரியாது என்பதால் என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் நான் படுத்த படுக்கையாக இருந்தேன். தொலைக்காட்சியும் வீட்டுக் கன்சோலும் கூடத்தில் இருந்தன. நான் உள்ளறையில் இருந்தேன். முதல் இரண்டு மாதங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மருத்துவர் அனுமதிக்கவில்லை. வயிற்றின்மேல் ஒரு தலையணையை நிறுத்தி, அதில் கையடக்கக் கருவியைச் சாய்த்து, கட்டைவிரல்களை மட்டும் அசைத்து விளையாடக் கற்றுக்கொண்டேன். வலி தூங்கவிடாத இரவுகளில், பக்கத்தில் படுத்திருந்தவர்கள் விழித்துவிடக் கூடாதென்று திரையின் வெளிச்சத்தைக் கடைசிப் புள்ளிவரை குறைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டு, விடியும்வரை நான் ஒரு கேமின் கதைக்குள் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் விளம்பரங்கள் இந்தக் கருவியை வீட்டுக் கன்சோலுக்குத் துணையாக, பயணத்தின்போது பொழுதுபோக்க உதவும் பொருளாகக் காட்டுகின்றன. எனக்கு அது துணையாக இல்லை, அதுதான் இருந்த ஒரே வழி. குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில் விளையாடும் பெற்றோருக்கும், விடுதி அறையைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் மாணவருக்கும், இரவுப் பணியின் இடைவேளையில் சற்று மூச்சுவிடுகிற ஊழியருக்கும் அப்படித்தான். கூடத்தில் இருக்கும் பெரிய திரை இவர்கள் கைக்கு எட்டுவதில்லை.

அந்த ஏழு மாதங்களில் நான் விளையாடியது ஒரே ஒரு நீண்ட ரோல்பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாக இருந்து கதையை நடத்திச்செல்லும் வகை. அதை வீட்டுக் கன்சோலுக்கும் கையடக்கக் கருவிக்கும் தனித்தனியே விலை கொடுத்து வாங்கியிருந்தேன். விளையாடியதுவரை பதிவாகியிருக்கும் சேவ் கோப்பை இரண்டுக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம், எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்தே தொடரலாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்ததுதான் இரண்டு முறை வாங்கக் காரணம். நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆடிய பிறகு, கதையின் இறுதிப் பகுதியில் ஒரு துறைமுக நகரம் வருகிறது. அதன் வாயிலைக் கடக்கும்போது கையடக்கக் கருவியில் திரை கறுத்து, கேம் தானாக மூடிக்கொள்கிறது. பகலில் கடந்தாலும் இரவில் கடந்தாலும், குழுவிலுள்ள பாத்திரங்களை மாற்றிப் பார்த்தாலும், கேமை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாலும் அதே இடத்தில் அதேபோல் நின்றுபோகிறது. வீட்டுக் கன்சோலிலும் இதே கோளாறு இருந்தது. வெளிவந்த இரண்டே வாரத்தில் அதற்கு ஒரு பேட்ச், அதாவது கோளாறைத் திருத்தும் சிறு மென்பொருள், வந்து சரியாகிவிட்டது. கையடக்கப் பதிப்புக்கு அந்த பேட்ச் இன்றுவரை வரவில்லை.

வராவிட்டால் போகட்டும், சேவ் கோப்பை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றி அங்கே முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது நான் நிற்கவும் சிறிது நேரம் உட்காரவும் தொடங்கியிருந்தேன். சேவ் கோப்பைப் பதிவேற்றிவிட்டு, கூடத்துக்கு மெல்ல நடந்து போய்க் கன்சோலை இயக்கினேன். இந்த சேவ் வேறு பதிப்பில் உருவாக்கப்பட்டது, கேமை அப்டேட் செய்தபின் மீண்டும் முயலவும் என்று திரையில் வந்தது. கன்சோலில் இருந்த கேமோ ஏற்கெனவே கடைசிப் பதிப்புக்கு அப்டேட் ஆகியிருந்தது. பின்தங்கி நின்றது கையடக்கப் பதிப்பு. அதற்கு அப்டேட்டே கிடையாது. ஒன்றில் கோளாறு, மற்றொன்றில் அனுமதியில்லை என்ற நிலையில் அந்த நூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வாடிக்கையாளர் உதவி மையத்துக்கு ஆறு முறை எழுதினேன். உங்கள் கருத்தை உரிய குழுவிடம் சேர்த்துவிட்டோம் என்று ஆறு முறையும் ஒரே பதில் வந்தது. ஆறாவது பதிலில் என் பெயர்கூட வேறொருவருடையதாக இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பது எனக்கு ஓரளவு புரியாமல் இல்லை. பெரிய கேம்கள் முதலில் வீட்டுக் கன்சோலின் செயல்திறனை மனத்தில் வைத்தே உருவாகின்றன. கையடக்கப் பதிப்பை அதிலிருந்து குறைத்துச் செதுக்கும் வேலை பல நேரங்களில் வெளி ஸ்டூடியோவிடம் ஒப்பந்தத்தில் போகிறது. கேம் வெளிவந்து சில வாரங்களில் ஒப்பந்தம் முடிந்து, அந்த ஸ்டூடியோ அடுத்த வேலையில் இறங்கிவிடுகிறது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் கோளாறு மூல நிறுவனத்தின் பட்டியலில் கடைசியில் கிடக்கிறது, அல்லது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒவ்வொரு பேட்ச்சையும் ஒவ்வொரு கருவிக்கும் தனியாகச் சோதித்து ஒப்புதல் பெற வேண்டியிருப்பதால், வாங்கியவர்கள் குறைவாக உள்ள கருவிக்குச் செலவு செய்ய நிதிப் பிரிவு தயங்குகிறது. இவையெல்லாம் உண்மையான இடர்ப்பாடுகள். ஆனால் இவை அனைத்தும் கருவியை விற்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தவை. விற்பனை நாளில் தெரிந்திருந்த ஒரு சுமையைப் பின்னர் வாங்கியவர் தோளுக்கு மாற்றுவது நியாயமாகாது.

இரு கருவிகளையும் சமமாகத் தாங்குவது எவருக்கும் எளிதாக இருந்ததில்லை என்பதையும் மறுக்கமாட்டேன். நிண்டெண்டோ 2011இல் 3டிஎஸ் கையடக்கக் கருவியையும் 2012இல் வீ யூ வீட்டுக் கன்சோலையும் வெளியிட்டது. இரண்டும் வேறு வேறு அடித்தளத்தில் அமைந்தவை. ஒன்றுக்குச் செய்த வேலை மற்றொன்றுக்குப் பெரிதாக உதவவில்லை. கையடக்கக் கருவியைத் தூக்கி நிறுத்த ஆட்களை அனுப்பினால் வீட்டுக் கன்சோல் கேம் இல்லாமல் வறண்டது. கடைசியில் 3டிஎஸ் சுமார் 7 கோடியே 59 லட்சம் விற்றது. வீ யூ 1 கோடியே 35 லட்சத்துக்குச் சற்று மேல் விற்று நின்றுபோனது. அங்கே தோற்றது வீட்டுக் கன்சோல்தான் என்பதை நான் மறக்கவில்லை. வீ யூ வாங்கியவர்களின் ஏமாற்றமும் என்னுடையதைப் போன்றதே. ஆனால் அந்த நிறுவனம் அதிலிருந்து பாடம் கற்றது. சதோரு இவாதா தலைவராக இருந்தபோது, 2013இல், கையடக்கக் கருவிக்கும் வீட்டுக் கன்சோலுக்கும் தனித்தனியாக இருந்த வன்பொருள் உருவாக்கப் பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டன. இனிவரும் கருவிகள் ஒரு குடும்பத்துச் சகோதரர்களைப் போல இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டு அவர் முதலீட்டாளர்களிடம் விளக்கினார். அவர் 2015இல் காலமானார். அந்த எண்ணத்தின் பலனாக 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. கையிலும் தொலைக்காட்சியிலும் ஒரே கேம், ஒரே சேவ், ஒரே பேட்ச். என்னைப்போல் வாயிலில் மாட்டிக்கொண்டு நிற்கும் நிலை அந்த அமைப்பில் வர வழியே இல்லை.

மறுபக்கம் சோனியின் கையடக்கக் கருவியான வீட்டா இருக்கிறது. 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தபோது அதன் ஐந்து அங்குல ஓஎல்ஈடி திரைக்கு நிகராகக் கையில் பிடித்து விளையாடும் கருவி வேறு இருக்கவில்லை. அதற்கென்றே செய்த மெமரி கார்டைத்தான் போட முடியும், அதன் விலையோ கடைகளில் கிடைத்த சாதாரண கார்டைவிடப் பல மடங்கு என்ற நிலையிலும் மக்கள் அதை நம்பி வாங்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 2015இல், தன் சொந்த ஸ்டூடியோக்களில் வீட்டாவுக்கென எந்த கேமும் தயாரிப்பில் இல்லை என்று சோனி தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் சிறு ஸ்டூடியோக்கள் அதற்குத் தொடர்ந்து கேம் கொடுத்து, 2019இல் உற்பத்தி நிற்கும்வரை அந்தக் கருவிக்கு உயிர் இருக்கும்படி பார்த்துக்கொண்டன. கையடக்கக் கருவிக்கு ஆதரவு இல்லை, அதனால்தான் நிறுத்தினோம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அந்தச் சிறு ஸ்டூடியோக்கள் என் நினைவுக்கு வருகின்றன. ஆதரவு குறைந்தது முதலில் எந்தப் பக்கம் என்று அந்தக் காலவரிசையைப் பார்த்தாலே தெரியும்.

வாங்குவோர் குறைந்துவிட்டார்கள் என்ற வாதத்துக்கு எதிராக இன்னொன்றையும் முன்வைக்கிறேன். நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் 1989இல் வந்தது. மங்கிய பச்சைத் திரை, நான்கு பென்டார்ச் பேட்டரி, நிறம் கிடையாது. போகிமான் முதல் கேம்கள் அதற்கு ஜப்பானில் வெளிவந்தது 1996 பிப்ரவரியில். கருவிக்கு ஏழு வயது நெருங்கியிருந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு அப்போது எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனாலும் யாரும் கருவியைக் கைகழுவவில்லை. இரு கருவிகளைக் கேபிளால் இணைத்துப் பக்கத்தில் இருப்பவரோடு பரிமாறிக்கொள்ளும் அந்த விளையாட்டு, தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து ஆடும் கன்சோலில் பிறந்திருக்க முடியாது. பொறுத்திருந்து தாங்கியதால் ஒரு கருவி தனக்கே உரிய விளையாட்டைக் கண்டடைந்தது. உங்கள் கருவிக்கு நீங்கள் கொடுத்தது ஐந்தாண்டு. அதிலும் கடைசி இரண்டாண்டுகளில் வந்தவை பெரும்பாலும் வீட்டுக் கன்சோல் கேம்களின் சுருங்கிய நகல்கள்.

சுருங்கிய நகல் என்று நான் சொல்வது வெறும் படத்தரத்தைப் பற்றி மட்டும் அன்று. எழுத்தின் அளவைப் பாருங்கள். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பெரிய தொலைக்காட்சியில் படிக்கும்படி அமைத்த வசன எழுத்தை அப்படியே ஐந்தாறு அங்குலத் திரைக்குள் அடைத்துவிடுகிறீர்கள். பொருள்களின் விவரம், வரைபடத்தில் ஊர்ப் பெயர், எதிரியின் பலம் காட்டும் எண் எல்லாம் எள்ளளவாகிவிடுகின்றன. படுக்கையில் கிடந்த எனக்குக் கருவியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து படிக்கத் தோள் ஒத்துழைக்காது. பல உரையாடல்களை ஊகித்தே கடந்தேன். எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு தேர்வை அமைப்புகளில் வைப்பது அத்தனை பெரிய காரியம் இல்லை. கையடக்கப் பதிப்பை உண்மையான கையடக்கக் கருவியில், கை நீளத் தொலைவில் பிடித்து, ஒரு முழு மாலை யாராவது விளையாடிப் பார்த்திருந்தால் அது வெளியீட்டுக்கு முன்பே சரியாகியிருக்கும்.

பழுதுபார்ப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் வீட்டுக் கன்சோலைவிட கையடக்கக் கருவிக்குத்தான் உதிரிபாகம் அதிகம் தேவை. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் சிறிது சிறிதாகத் திறன் இழக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். ஜாய்ஸ்டிக் தேயும். கீழே விழுந்தால் திரை உடையும். என் கருவியின் பேட்டரி, வாங்கியபோது ஐந்து மணி நேரம் தாங்கியது, இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது. அதன் பின்புற மூடி லேசாக மேலெழும்பத் தொடங்கியிருக்கிறது. பேட்டரியை ஒட்டிவைத்து, சிறப்பு ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டு, உதிரிபாகம் உள்ளவரைதான் பழுதுபார்ப்போம் என்றால், அந்தக் கருவியின் ஆயுளுக்கு முடிவு நாள் குறித்துவிட்டு அந்த நாளை எங்களிடமிருந்து மறைக்கிறீர்கள் என்றே பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கப் பொருள்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. சட்டம் வற்புறுத்தும் இடத்தில் மட்டும் செய்வீர்களா, எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வீர்களா என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

எடுத்த முடிவை மாற்ற முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2021 மார்ச் இறுதியில் சோனி தன் பிஎஸ்3 வீட்டுக் கன்சோலுக்கும் வீட்டா, பிஎஸ்பி கையடக்கக் கருவிகளுக்குமான ஸ்டோர்களை அந்த ஆண்டிலேயே மூடப்போவதாக அறிவித்தது. விளையாடுபவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் மூன்று வாரத்தில், தவறான முடிவெடுத்துவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பிஎஸ்3, வீட்டா ஸ்டோர்களைத் திறந்தே வைத்தது. 2011இல் 3டிஎஸ் வெளிவந்து ஆறு மாதம் முடிவதற்குள் ஜப்பானில் அதன் விலை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டபோது, முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு இருபது பழைய கேம்கள் இலவசமாக வழங்கப்பட்டன. இவாதா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 3டிஎஸ், வீ யூ ஸ்டோர்களில் விற்பனை 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. அதுவரை வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளும் வசதி அதன் பிறகும் தொடர்ந்தது. அந்த மூடலால் ஆன்லைனில் மட்டுமே விற்ற பல கேம்களை இனி யாரும் முறைப்படி வாங்க முடியாமல் போனது என்பதால் அதை முழுமனத்தோடு என்னால் பாராட்ட முடியவில்லை. இருந்தாலும் நான்கு மாத அவகாசத்தோடும் ஆறு வரி மின்னஞ்சலோடும் ஒப்பிட்டால், வாடிக்கையாளருக்கு மரியாதை தருவது சாத்தியம் என்பதற்கு அது சான்று.

இரு கருவிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் கேம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கன்சோலில் மட்டுமே சாத்தியமான கேம்கள் இருக்கும். அவற்றைக் கையடக்கக் கருவியில் திணித்துக் கெடுக்க வேண்டாம். நான் கேட்பவை இவை.

ஒரு கேமை இரண்டு கருவிகளுக்கும் விற்றால், விளையாட்டைத் தொடர முடியாதபடி நிறுத்திவிடும் கோளாறுகளுக்கான பேட்ச்சை இரண்டுக்கும் தாருங்கள். வெளி ஸ்டூடியோவோடு செய்யும் ஒப்பந்தத்தில், வெளியீட்டுக்குப் பின் குறைந்தது ஈராண்டுப் பராமரிப்பைச் சேருங்கள். பேட்ச் தர முடியாது என்று முடிவெடுத்தால், அந்தப் பதிப்பின் விற்பனையை அன்றே நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சேவ் கோப்பு விளையாடியவருடைய உழைப்பு. கையடக்கப் பதிப்பின் கடைசி சேவ் கோப்பை வீட்டுக் கன்சோல் பதிப்பு எப்போதும் ஏற்கும்படி செய்யுங்கள். கையடக்கத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் தேர்வு இல்லாத கேமுக்கு உங்கள் ஒப்புதல் முத்திரையைத் தராதீர்கள். ஒவ்வொரு கருவியின் பெட்டியிலும், அப்டேட் எந்த ஆண்டுவரை, பழுதுபார்ப்பும் பேட்டரி விற்பனையும் எந்த ஆண்டுவரை, ஆன்லைன் ஸ்டோர் எந்த ஆண்டுவரை என்று அச்சிடுங்கள். அதைப் பார்த்து வாங்குவதா வேண்டாமா என்று நாங்களே முடிவெடுத்துக்கொள்கிறோம். ஸ்டோரை மூடும் நிலை வந்தால் குறைந்தது ஓராண்டு முன்னதாக, வீட்டுக் கன்சோல் கேம்களை அறிவிக்கும் அதே ஒளிபரப்பில், காரணத்தோடு சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் இறக்கும் வசதியை அதன் பின்னும் வைத்திருங்கள்.

சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பிய அந்த நிறுவனத்திடம் தனியாக ஒன்றைக் கேட்கிறேன். நான்கு மாத அவகாசத்தை ஓராண்டாக நீட்டுங்கள். ஸ்டோரை மூடுவதற்கு முன் துறைமுக நகர வாயிலுக்கான அந்த ஒரு பேட்ச்சைக் கையடக்கப் பதிப்புக்கு வெளியிடுங்கள். வீட்டுக் கன்சோலுக்கு எழுதிய திருத்தம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் முடியாதென்றால், சேவ் மாற்றத்தைத் தடுக்கும் பதிப்புச் சோதனையையாவது நீக்குங்கள். ஆறு முறை எழுதியபோது பதிவான புகார் எண்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. இம்முறை பதிலை உதவி மையத்திடமிருந்து அல்லாமல், அந்த ஆறு வரிகளை அனுப்ப முடிவெடுத்தவர்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கையடக்கக் கருவியையும் வீட்டுக் கன்சோலையும் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு வாடிக்கையாளர்